கைவேலைக் கேள்வி – பதில்: ஊசி லேஸுக்கு ஒரு நல்ல திண்டு

சென்ற இதழில் ஊசி லேஸின் அடிப்படைத் தையல்களைப் பார்த்தோம். அதற்கு கடலூர், புதுச்சேரி பக்கமிருந்து வந்த கடிதங்களில் தையல் பற்றிய சந்தேகம் குறைவு. கழுத்து வலிக்கிறது, விரல் மரத்துப்போகிறது, வேலையை எதன் மேல் வைத்துச் செய்வது என்பவைதான் அதிகம். இதில் வியப்பில்லை. பிரான்சின் அலான்சோன் நகரத்து ஊசி லேஸை யுனெஸ்கோ 2010இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 மணி நேரம் பிடிக்கும் வேலை என்று குறிப்பிட்டது. நாம் செய்வது அவ்வளவு நுணுக்கம் இல்லை. ஆனாலும் ரூபாய் நாணயம் அளவுள்ள ஒரு பூவுக்கே பல நாள் உட்கார வேண்டியிருக்கிறது. அந்த நேரம் முழுக்கக் கையைத் தாங்கப்போவது எது என்பதைத் தையலுக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

புதிதாகப் படிப்பவர்களுக்கு இரண்டு வரி. கோலத்தை ஒரு தாளில் வரைந்து, அதை இரண்டு மடிப்புக் காடா துணியின் மேல் வைத்துத் தைத்துக்கொள்கிறோம். கோலத்தின் கோடுகள் மேல் இரட்டை நூலைப் படுக்கவைத்து, 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு ஒரு சின்னத் தையல் போட்டு அதை இருத்துகிறோம். இதைக் கரை நூல் என்போம். பிறகு கரை நூலை மட்டும் பிடித்து உள்ளே காஜா தையலால் நிரப்புகிறோம். ஊசி தாளையோ துணியையோ தொடக் கூடாது. எல்லாம் முடிந்ததும் இரண்டு மடிப்புக்கும் நடுவே இருத்தல் தையல்களை வெட்டினால் லேஸ் தனியே வந்துவிடும்.

கேள்வி: மடியில் தூங்கும் தலையணையை வைத்து, அதன் மேல் வேலையை இடது கையால் பிடித்துக்கொண்டு செய்கிறேன். அரை மணியில் பிடரியும் தோளும் இழுக்கின்றன. ஊசி முனை வேறு அடிக்கடி அடித் துணியில் குத்திக்கொள்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான், சகோதரி. உங்கள் வேலை தாழ்வாகவும் தட்டையாகவும் இருக்கிறது.

முதலில் தட்டையைப் பார்ப்போம். நிரப்புத் தையலில் ஊசி கரை நூலுக்கோ முந்தைய வரிசையின் கண்ணிக்கோ அடியில் நுழைந்து, துணியை உரசாமல் வெளியே வர வேண்டும். தட்டையான பரப்பில் ஊசியை அவ்வளவு படுக்கவைக்க முடியாது, விரல் முட்டிகள் தடுக்கும். அதனால் ஊசி சரிந்து நிற்கும், முனை கீழே குத்தும். அதே துணியை ஒரு உருண்டையான திண்டின் முதுகில் போர்த்திப் பாருங்கள். உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் பரப்பு இறங்கிவிடுவதால் ஊசி படுத்தபடியே உள்ளே போய்ப் படுத்தபடியே வெளியே வரும். விரலுக்கும் இடம் கிடைக்கும். வெனிஸ் அருகே புரானோ தீவில் ஊசி லேஸ் செய்யும் பெண்கள் மடித் தலையணையின் மேல் ஒரு மர உருளையை வைத்து அதன் மேல்தான் வேலையை விரிப்பார்கள். உருளைக்கு அங்கே அவ்வளவு முக்கியத்துவம்.

நம் வீட்டிலேயே இதைச் செய்துகொள்ளலாம். இரண்டு உருப்படிகள் வேண்டும்: மேலே திண்டு, கீழே உமித் தலையணை.

திண்டுக்கு, பிளம்பிங் கடையில் கிடைக்கும் 4 அங்குல பிவிசி குழாயில் 22 செ.மீ. துண்டு வெட்டி வாங்குங்கள். அதன் வெளிவிட்டம் 110 மி.மீ. வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் துணியைக் கிழிக்கும். அதன் மேல் பழைய கம்பளியை 22 செ.மீ. அகலத்தில் வெட்டி மூன்று சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். கம்பளி அரை செ.மீ. தடிமன் என்றால் ஏறக்குறைய 1.2 மீட்டர் நீளம் பிடிக்கும். முடிவில் விட்டம் 14 செ.மீ. அளவுக்கு வரும். ஓரத்தைத் தைத்து, பழைய பருத்திப் புடவைத் துணியால் உறை போடுங்கள். உறை கழற்றித் துவைக்கும்படி இருக்கட்டும். குண்டூசி கம்பளிக்குள் சாய்வாக இறங்க வேண்டும், நேராகக் குத்தினால் குழாயில் முட்டி வளையும்.

இலவம் பஞ்சை மட்டும் வைத்துத் திண்டு தைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். கையை வைத்த இடத்தில் அமுங்கி, நாலு நாளில் மறுபடி தட்டையாகிவிடும். சோபா ஸ்பாஞ்சும் சரிவராது. நூலை இழுக்கும்போதெல்லாம் அது எம்பி வரும், தையலின் இறுக்கம் ஒரே மாதிரி அமையாது.

கீழே வைக்கும் உமித் தலையணை 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், நிரப்பிய பின் 8 செ.மீ. உயரம் இருக்கட்டும். நெருக்கமாக நெய்த துணியில் பை தைத்து, புடைத்து வெயிலில் காயவைத்த உமியை அடைத்தால் சுமார் ஒரு கிலோ பிடிக்கும். முழுக்கத் திணிக்காமல் பத்தில் எட்டுப் பங்கு நிரப்புங்கள். அப்போதுதான் திண்டு அதில் கொஞ்சம் புதைந்து, உருளாமல் நிற்கும். முன்கையும் அதே தலையணையில் படிந்துகொள்ளும். பார்ப்பதற்கு இது சின்ன விஷயம். ஆனால் தோள் வலி பெரும்பாலும் இங்கேதான் தீரும். முழங்கை அந்தரத்தில் தொங்கினால் அதன் எடை முழுவதையும் தோளும் பிடரியும் சுமக்கின்றன.

இனி உயரம். நாற்காலியில் உட்கார்ந்து தலையணையும் திண்டும் மடியில் இருந்தால், வேலை உங்கள் இருக்கையிலிருந்து சுமார் 35 செ.மீ. உயரத்தில் இருக்கும். கண் 70 செ.மீ. உயரத்தில். நடுவில் 35 செ.மீ. இருப்பதால் தலை தானாகக் குனியும். கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி இருந்தால், இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலமுள்ள பலகையை வைத்துத் துணிப்பட்டையால் கட்டிவிட்டு, அதன் மேல் தலையணையை வையுங்கள். வேலை பத்து செ.மீ. உயரும். பிடரிக்கு அந்தப் பத்தே போதும். எழுந்திருக்கும்போது ஒரு பக்கக் கட்டை அவிழ்த்தால் போதும்படி சுருக்கு முடிச்சாகப் போடுங்கள்.

திண்டு உங்களுக்கு முன்னால் இடம் வலமாகக் கிடக்க வேண்டும். நீங்கள் தைக்கும் வரிசை எப்போதும் அதன் உச்சியில் இருக்கட்டும். நாலைந்து வரிசை முடிந்ததும் துணியை நகர்த்திக் குத்த வேண்டாம், திண்டையே ஒரு விரல்கடை உருட்டிவிடுங்கள். பலர் இந்த இடத்தில் சோம்பிவிட்டு, வேலை சரிவுக்கு இறங்கியபின் மணிக்கட்டை வளைத்து வளைத்துத் தைக்கிறார்கள். வலி அங்கே தொடங்குகிறது.

குண்டூசிகளைக் காடா துணியின் ஓரத்தில், தலைகள் வெளிப்பக்கம் பார்க்கும்படி குத்துங்கள். கோலத்துக்கு அருகில் தலை நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்கிற நூல் ஒவ்வொரு முறையும் அதில் மாட்டும். ஒரு கருநீலத் துணியின் நடுவே 5 செ.மீ. சதுரம் வெட்டி ஓரம் மடித்துத் தைத்து, வேலையின் மேல் போர்த்திக்கொண்டால் குண்டூசிகள் மறையும், லேஸில் அழுக்கும் படியாது. அந்தச் சதுரத்தின் வழியே தைக்கிற இடம் மட்டும் தெரியும்.

அடித் துணியில் குத்துவது அப்போதும் நிற்கவில்லையென்றால் ஊசியைத் திருப்பிக் காதுப் பக்கத்தை முன்னே விட்டுப் பாருங்கள். மொட்டை முனை துணியில் இறங்காது, நூலையும் பிளக்காது. முனை மழுங்கிய பால்பாயின்ட் ஊசியும் நல்லது.

கேள்வி: என்னிடம் ஆரி ஸ்டாண்டும் வளையமும் இருக்கின்றன. அதிலேயே துணியை இழுத்துக் கட்டி ஊசி லேஸ் செய்யலாமா?
– வாசகி, நைனார்மண்டபம்

பதில்: கரை நூல் இருத்தும் வரைக்கும் செய்யலாம். அதில் ஊசி மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று துணியைத் துளைத்துப் போவதால் இறுக்கிக் கட்டிய வளையம் உதவத்தான் செய்யும். இரண்டு கையும் ஓய்வாக இருக்கும்.

நிரப்புத் தையல் வந்ததும் வளையத்திலிருந்து கழற்றிவிடுங்கள். ஆரி ஊசி துணியைக் குத்தியே வேலை செய்வது, அதற்கு மத்தளம் மாதிரி விறைத்த துணி வேண்டும். நமக்குத் துணியைத் தொடாமல் போக வேண்டும். முதல் பதிலில் சொன்ன தட்டைப் பரப்பின் தொல்லை விறைத்த துணியில் இரட்டிப்பாகும். வளையத்தின் விளிம்பில் மணிக்கட்டு மோதும். ஸ்டாண்டை வீணாக்க வேண்டாம்: அதன் சட்டத்தின் மேல் ஒரு பலகையைப் போட்டால் திண்டுக்கு உயரம் மாற்றக்கூடிய நல்ல மேடை கிடைத்துவிடும். ஆட்டம் இல்லாதபடி திருகுகளை இறுக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 58. லேஸ் வேலை செய்த நாட்களில் இரவு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது. கையை உதறினால் சரியாகிறது. வேலையை விட்டுவிட வேண்டுமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: முதலில் மருத்துவரைப் பாருங்கள் அம்மா, தள்ளிப்போட வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று விரல்களும், சுண்டுவிரல் தப்பியிருப்பதும், இரவில் கூடுவதும், உதறினால் குறைவதும் மணிக்கட்டுக்குள் நடு நரம்பு நெருக்கப்படும்போது வருகிற அடையாளங்கள். கார்பல் டனல் என்பார்கள். சர்க்கரை நோயும் தைராய்டு குறைபாடும் இதற்கு வழிவிடும் என்பதால் அந்தப் பரிசோதனைகளும் தேவைப்படலாம். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை போடச் சொன்னால் ஒழுங்காகப் போடுங்கள். கட்டைவிரல் அடிச் சதை மெலிவதோ, சின்னப் பொருள்கள் கைநழுவுவதோ தெரிந்தால் உடனே போக வேண்டும். அது நரம்பு ரொம்ப நாளாகத் தவிக்கிறது என்பதற்கு அடையாளம்.

வேலையை விட வேண்டியதில்லை, செய்யும் முறையை மாற்ற வேண்டும். மணிக்கட்டு கீழே மடிந்தாலும் மேலே நிமிர்ந்தாலும் அந்த நரம்புக்கு இடம் குறைகிறது. உட்கார்ந்து தைக்கும்போது பக்கத்திலிருந்து யாரையாவது ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கை கீழே மடிந்திருந்தால், சின்னத் துவாலையைச் சுருட்டி முன்கைக்கு அடியில், மணிக்கட்டுக்கு நாலு விரல் பின்னால் வையுங்கள். மணிக்கட்டின் உள்பக்கத்துக்கு நேர் அடியில் வைத்துவிடக் கூடாது. அது நரம்பையே அழுத்தும். மேசை விளிம்பில் கையை ஊன்றுவதும் அதே கெடுதலைச் செய்யும்.

இடது கையையும் கவனியுங்கள். வேலையை விரல்களால் கவ்விப் பிடிப்பதுதான் பாதி வலிக்குக் காரணம், ஊசி பிடிக்கும் கை அல்ல. திண்டில் நன்றாகக் குண்டூசி குத்தியிருந்தால் பிடிக்கவே தேவையில்லை. இடது உள்ளங்கையைத் திண்டின் மேல் சும்மா போர்த்தி, கட்டைவிரல் நுனியால் தைக்கிற கண்ணியை மட்டும் இலேசாகத் தொட்டுக்கொண்டால் போதும்.

வலது கையில் ரொம்ப மெல்லிய ஊசி இருந்தால் விரல்கள் தானாக அதிகமாக நெரிக்கும். 80 நம்பர் குரோஷா நூலைக் கோர்க்கும் அளவுக்குக் காது உள்ளதாகவும், விரலுக்குப் பிடி கிடைக்கும் நீளமுள்ளதாகவும் ஊசி இருக்கட்டும். ஊசி நழுவினால் ஆள்காட்டி விரலில் மெல்லிய ரப்பர் உறை போட்டுக்கொள்ளலாம், ஸ்டேஷனரி கடையில் நோட்டு எண்ணுபவர்களுக்கு விற்பார்கள். நூலை இழுக்கும்போது மணிக்கட்டைச் சுண்டாமல், முழங்கையிலிருந்து முன்கை மொத்தமாக நகரட்டும்.

நூல் நீளம் ஒரு முழம் போதும். நீள நூல் கோர்த்தால் ஒவ்வொரு தையலுக்கும் கை தோளுயரத்துக்குப் போய் வரும், நூலும் முடிவதற்குள் பிசிறிவிடும். ஆனால் வரிசைக்கு நடுவில் நூல் தீர்ந்தால் ஒட்டு தெரியும். அதனால் வரிசையின் அகலத்தைப் போல நாலைந்து மடங்கு நூல் மிச்சம் இருந்தால் மட்டும் அடுத்த வரிசையைத் தொடங்குங்கள். இல்லையென்றால் கரையிலேயே முடித்துப் புது நூல் கோர்த்துக்கொள்ளுங்கள்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து எழுந்துவிடுங்கள். அலாரம் வைத்துக்கொள்வது நல்லது. லேஸில் மூழ்கினால் நேரம் தெரியாது.

கேள்வி: எனக்குத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துதான் பழக்கம். நாற்காலியில் கால் தொங்கினால் வீங்கிவிடுகிறது. தரையிலேயே வசதியாகச் செய்ய வழி உண்டா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: தாராளமாக உண்டு அம்மா. மடித்த ஜமக்காளமோ கெட்டியான மணையோ போட்டு, உட்காரும் இடம் மட்டும் 8 முதல் 10 செ.மீ. உயர்த்துங்கள். இடுப்பு முழங்காலை விட உயரமாக இருந்தால் முதுகு தானாக நிமிரும். முதுகைச் சுவரில் சாய்த்து, இடுப்பு வளைவில் ஒரு சின்னத் தலையணை.

முன்னால் வைக்க, அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை மேசை கிடைத்தால் அதைவிட நல்ல சாதனம் இல்லை. சரிவான மேற்பலகை, அடியில் பெட்டி, கால் நுழைக்க வேண்டிய அவசியமும் இல்லை. புதுச்சேரியில் காந்தி வீதியில் கூடும் ஞாயிறு சந்தையிலும், பழைய மரச் சாமான் கடைகளிலும் கண்ணை வைத்திருங்கள். சரிவின் கீழ் விளிம்பில் 2 செ.மீ. உயரத்துக்கு ஒரு மரச் சட்டம் அடித்துவிட்டால் திண்டு உருண்டு மடியில் விழாது. அதில் வைத்து வேலை செய்யும்போது உமித் தலையணை தேவையில்லை, ஆனால் முழங்கைகளுக்கு இரண்டு பக்கமும் சின்னத் திண்டுகள் வேண்டும். திண்டின் குழாய்க்குள் ஒரு கிலோ புளியங்கொட்டையைப் பையில் கட்டிச் செருகினால் அசையாமல் உட்கார்ந்திருக்கும். மடியில் வைத்துச் செய்யும்போது அந்தப் பையை எடுத்துவிடுங்கள்.

ஒரு காலை மடக்கி, மறு முழங்காலை நிறுத்தி அதன் மேல் வேலையை வைப்பவர்கள் நிறைய பேர். பத்து நிமிடம் நன்றாகத்தான் இருக்கும், பிறகு இடுப்பு ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். அப்படித்தான் உட்கார வேண்டுமென்றால் அலாரம் அடிக்கும்போதெல்லாம் கால் மாற்றுங்கள்.

கேள்வி: மாமியார் நாகர்கோவில்காரர். அவர் பாபின் லேஸ் செய்த தலையணை வீட்டில் இருக்கிறது. அதை ஊசி லேஸுக்குப் பயன்படுத்தலாமா?
– வாசகி, நெய்வேலி

பதில்: அந்தத் தலையணையைப் பத்திரமாக வைத்திருப்பதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி பெண்மணி நாகர்கோவிலில் லேஸ் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அவருடைய மகள் எலிசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது வேலையும் அங்கே போனது. தென் மாவட்டத்து லேஸ் என்றால் இந்தப் பாபின் லேஸ்தான். அதில் பல நூல்களைக் குண்டூசிகளைச் சுற்றிப் பின்னுவார்கள். நம் வேலையில் ஒரே ஊசி, ஒரே நூல்.

குண்டூசி நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காக அந்தத் தலையணையைக் கல் போல் திணித்திருப்பார்கள். உருளை வடிவமாக இருந்தால் நமக்கு அது வரம்: அமுங்காது, குண்டூசி ஆழமாக இறங்கும். எடை அதிகம் என்பதால் மடியில் வேண்டாம், மேசையில் வையுங்கள். விட்டம் 25 செ.மீ.க்கு மேல் போனால் வளைவு போதாது, கிட்டத்தட்டத் தட்டைதான். அப்போது அதை அடித் தலையணையாக்கி, மேலே நம் 14 செ.மீ. திண்டை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வெள்ளை நூலில் செய்யும்போது கண் கூசுகிறது, கண்ணி தெரியவில்லை. லென்ஸ் விளக்கு வாங்கலாமா?
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: லென்ஸுக்கு முன் மூன்று காரியம்.

கோலத்தை வெள்ளைத் தாளில் வரையாதீர்கள். நீலம் அல்லது பச்சைத் தாளில் வரைந்து, புத்தகத்துக்கு அட்டை போடும் ஒட்டும் பிளாஸ்டிக்கை மேலே ஒட்டுங்கள். வெள்ளை நூல் பளிச்சென்று தெரியும், ஊசியும் தாளில் சிக்காது. பிளாஸ்டிக் பளபளப்பாக இல்லாமல் மங்கலாக இருப்பது நல்லது. கறுப்பு நூலுக்கு மஞ்சள் தாள்.

வலது கைக்காரர்களுக்கு வெளிச்சம் இடது தோளுக்கு மேலிருந்து வர வேண்டும், இடது கைக்காரர்களுக்கு வலதிலிருந்து. இல்லையென்றால் கையின் நிழல் தைக்கிற இடத்தில் விழும். கடலைப் பார்த்த கிழக்கு ஜன்னல் காலையில் கண்ணைக் குத்தும். வடக்கு ஜன்னல்தான் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும். இரவில் ஒரு 9 வாட் எல்இடி மேசை விளக்கு, அதோடு அறை விளக்கும் எரியட்டும். இருட்டு அறையில் லேஸ் மேல் மட்டும் வெளிச்சம் என்றால் கண் சீக்கிரம் களைத்துவிடும்.

மூன்றாவது கண்ணாடி. வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் பொதுவாகப் புத்தகம் படிக்கிற தூரத்துக்கு, 40 செ.மீ. அளவுக்குக் கணக்கிட்டுத் தருவார்கள். நீங்கள் லேஸ் செய்வது 30 செ.மீ. தூரத்தில் இருக்கலாம். டேப் பிடித்து அளந்து, அந்தத் தூரத்தைக் கண் பரிசோதகரிடம் சொல்லி அதற்கென ஒரு கண்ணாடி வாங்கினால் பாதிப் பேருக்கு லென்ஸே தேவைப்படாது.

வாங்குவதென்றால் 3 டயாப்டர் சக்தியுள்ள லென்ஸ் போதும். அதில் வேலைக்கும் லென்ஸுக்கும் 30 செ.மீ. வரை இடைவெளி விடலாம், ஊசி ஏறி இறங்க இடம் உண்டு. 5 டயாப்டர் என்றால் 20 செ.மீ.க்குள் வந்துவிட வேண்டும். கை லென்ஸில் இடிக்கும், தலையும் ஒரே இடத்தில் பூட்டிக்கொள்ளும். ஜன்னலோரம் வைத்திருந்தால் வேலை முடிந்ததும் துணியால் மூடிவிடுங்கள். வெயில் லென்ஸ் வழியே குவிந்தால் துணி தீப்பற்றும்.

கேள்வி: துருக்கி, ஆர்மீனியப் பெண்கள் திண்டே இல்லாமல் கையில் பிடித்துச் செய்வதை வீடியோவில் பார்த்தேன். நாம் மட்டும் ஏன் இத்தனை ஏற்பாடு செய்ய வேண்டும்?
– வாசகி, பாகூர்

பதில்: அது வேறு வகை ஊசி லேஸ். ஒவ்வொரு கண்ணியும் முடிச்சாக விழுவதால் தானே நிற்கும். வரைந்த கோலமும் கரை நூலும் வேண்டாம், துணியின் ஓரத்திலிருந்தோ ஒரு நடு வளையத்திலிருந்தோ வளர்ந்துகொண்டே போகும். பேருந்தில் உட்கார்ந்துகூடச் செய்யலாம். நம் காஜா தையலில் முடிச்சு இல்லை. அடியில் கோலம் பிடித்துக்கொள்ளாவிட்டால் வடிவம் கோணிவிடும். ஆனால் முடிச்சு லேஸ் செய்பவர்களுக்கும் முழங்கைத் தாங்கல் வேண்டும். மடியில் உமித் தலையணை ஒன்றை வைத்து, இரண்டு முன்கையையும் அதில் படியவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் தலையணை நாறுகிறது, ஊசி கையில் ஒட்டுகிறது. போன வருடம் ஒரு முழு வேலையில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. எப்படித் தவிர்ப்பது?
– வாசகி, பரங்கிப்பேட்டை

பதில்: பழுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் குண்டூசியின் துரு. மழைக்காலத்தில், அதுவும் கடற்கரை ஊர்களில், இரும்புக் குண்டூசியை ஒரு வாரம் துணியில் விட்டால் போதும். பித்தளைக் குண்டூசி வாங்குங்கள். கிடைக்காவிட்டால், வேலை முடிந்ததும் குண்டூசிகளை எடுத்துவிட்டு, நாலு மூலையிலும் நூலால் ஓட்டுத் தையல் போட்டு வேலையைத் திண்டில் நிறுத்துங்கள். கோலத்தின் பக்கத்தில் இருந்தால் மட்டும்தான் லேஸுக்கு ஆபத்து என்று நினைக்காதீர்கள். ஈரத் துணியில் துரு பரவும்.

தைக்கிற ஊசியின் முலாம், விரல் படுகிற இடத்தில் முதலில் தேய்ந்துபோகும். அங்கே சொரசொரப்புத் தெரிந்தால் அந்த ஊசியை வெள்ளை வேலைக்கு எடுக்காதீர்கள். எண்ணெய்த் துணியில் ஊசி குத்தி வைக்கும் பழக்கம் தையல் மெஷினுக்குச் சரி, லேஸுக்குக் கூடாது. எண்ணெய் நூலில் ஏறி மஞ்சளாகும். மாத்திரைப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து, மூடியுள்ள டப்பாவில் ஊசியோடு போட்டு வையுங்கள்.

வியர்வைக்கு பவுடர் போடாதீர்கள், நூலில் படிந்து கண்ணிகளை அடைக்கும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த கை, பக்கத்தில் ஒரு பருத்திக் கைக்குட்டை, இவை போதும். மின்விசிறி முதுகுப் பக்கமிருந்து வரட்டும். முன்னாலிருந்து அடித்தால் நூல் பறந்து முடிச்சு விழும்.

உமித் தலையணை நாறுவது ஈரம் ஏறியதால். பையின் ஒரு பக்கத்தில் ஜிப் வைத்துத் தைத்திருந்தால் உமியை முறத்தில் கொட்டி, புரட்டாசி வெயில் முடிவதற்குள் இரண்டு நாள் காயவைத்துத் திரும்ப அடைக்கலாம். நொய்யோ அரிசியோ கலந்திருந்தால் புடைத்து எடுத்துவிடுங்கள், வண்டு வரும். பூஞ்சை பிடித்த உமியைக் காயவைத்துப் பயனில்லை, தூசு மூச்சுக்குக் கெடுதல். கொட்டிவிட்டுப் புதிதாக அடையுங்கள். திண்டின் கம்பளியையும் அதே வெயிலில் போடுங்கள். குழாய்க்குள் புளியங்கொட்டைப் பை இருந்தால் அதையும் எடுத்துக் காயவைக்க மறக்க வேண்டாம்.